கேட்ட பிறகு என்ன பேசினார்கள்?

புதிதாக ஏதாவது ஒன்று வீட்டுக்குள் வந்தால் நம் ஊரில் உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். ஒன்று, "இதோடு குடும்பம் போச்சு, பிள்ளைகள் போச்சு" என்னும். இன்னொன்று, "இனிமேல்தான் நாடு உருப்படும்" என்னும். சினிமாவுக்கு இது நடந்ததை அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். டிரான்சிஸ்டருக்கும் டிவிக்கும் கேபிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடந்ததை நானே பார்த்தேன். இப்போது கைப்பேசிக்கு நடக்கிறது. ஆட்கள் மாறுகிறார்கள், வசனம் மாறுவதில்லை. இரண்டு கட்சிக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே அதை வைத்துக்கொண்டு உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள்.

கல்லூரியில் சமூகவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஊடகத்தைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறோம் என்று பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகள் இப்போதும் சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். 'சமூக ஊடகங்களால் இளைஞர்களுக்கு ஏற்படும் தீமைகள்' என்று தலைப்பைக் கையோடு கொண்டுவருவார்கள். தீமை என்று முடிவு கட்டிய பிறகு ஆய்வு எதற்கப்பா என்று கேட்பேன். சிரிப்பார்கள். அவர்களிடம் சொன்னதையும், சொல்லப் பொழுது போதாமல் விட்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது காவிரிப் பாசனத்தில் ஒரு சின்ன ஊர். பஞ்சாயத்து போர்டு கட்டடத்தில் ஒரு ரேடியோ இருந்தது. சாயங்காலம் அதற்கென்று இருந்த ஆள் வந்து பூட்டைத் திறப்பார். கூரைமேல் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் திருச்சி நிலையம் பேசத் தொடங்கும். 1939-ல் தொடங்கிய நிலையம் அது. எங்களுக்குத் திருச்சி என்றால் மலைக்கோட்டைக்கு முன்னால் அந்தக் குரல்தான். அது எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் பேசியது. ஆனால் கேட்டவர்கள் ஒரே இடத்தில் உட்காரவில்லை. திண்ணையில் யார், தரையில் யார், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கேட்க வேண்டியவர் யார் என்பதெல்லாம் ரேடியோ வருவதற்கு முன்பே தீர்மானமாகியிருந்தது. பெண்கள் அங்கே வரமாட்டார்கள். காற்று எங்கள் தெருப் பக்கம் அடித்தால் அம்மாவுக்குப் பாட்டு கேட்கும், இல்லாவிட்டால் இல்லை. ஓர் ஊடகம் ஊரை எட்டுவது வேறு, ஊரில் இருக்கும் ஒவ்வொருவரையும் எட்டுவது வேறு என்று பின்னாளில் வகுப்பில் சொன்னபோதெல்லாம் எனக்கு அந்தக் காற்றுதான் நினைவுக்கு வந்தது.

1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் வந்தது. ஜப்பானிய ரகத்தையும் நம் ரகத்தையும் இணைத்து உண்டாக்கிய குறுவை நெல். திருச்சி வானொலியில் 1966-ல் விவசாயத்துக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார்கள். நாற்றங்கால் எப்படி, எந்த உரம் எப்போது, பூச்சி வந்தால் என்ன மருந்து என்று அந்த நெல்லைப் பற்றி விடாமல் சொன்னார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் அது பரவிய வேகத்தில், ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஊடகத்தின் வலிமைக்குச் சான்றாக இதைப் பாடப் புத்தகங்களில் எழுதுவார்கள். உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் நான் பார்த்தவரை, ரேடியோவில் கேட்டுவிட்டு மறுநாள் காலையில் விதைத்தவர் ஒருவரும் இல்லை. கேட்டார்கள். மதகடியில் வாதம் செய்தார்கள். "வைக்கோல் குட்டையாகப் போனால் மாட்டுக்கு என்ன போடுவது?" என்றார் ஒருவர். "குறுவை அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டினால் நெல்லை எங்கே காயப்போடுவது?" என்றார் இன்னொருவர். கிராம சேவக் வந்தபோது அவரை நிறுத்திவைத்துக் கேட்டார்கள். துணிந்த ஒருவர் ஒரு துண்டு நிலத்தில் போட்டார். அந்த வயல் வரப்பில் ஊரே வந்து நின்று பார்த்தது. அதன் பிறகுதான் நெல் பரவியது. ரேடியோ இல்லாவிட்டால் அந்தப் பேச்சு தொடங்கியிருக்காது. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் ரேடியோ சொன்னது காற்றோடு போயிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விளைச்சல் கூடியதைப் பற்றி ரேடியோவில் நிறையக் கேட்டிருக்கிறேன். கூடிய விளைச்சலில் அறுத்தவனுக்குக் கூலி எவ்வளவு என்ற பேச்சை அதில் நான் கேட்டதில்லை. அந்தப் பேச்சு செங்கொடிக் கூட்டங்களில் நடந்தது, களத்துமேட்டில் நடந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். ஊடகத்தை ஆராய வருகிறவன், அது சொன்னதை மட்டும் எழுதிக்கொண்டு போனால் பாதிதான் எழுதியிருப்பான். அது பேசாமல் விட்டது எது, அதை ஜனங்கள் எங்கே போய்ப் பேசினார்கள் என்பது மீதிப் பாதி.

என் ஊர் மதகடியில் நான் பார்த்ததை, பத்து வருஷம் முன்னாலேயே புனே பக்கத்தில் முறையாகச் சோதித்திருந்தார்கள் என்பது படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது. 1956-ல் யுனெஸ்கோ உதவியுடன் அகில இந்திய வானொலி நடத்திய கிராம வானொலி மன்றங்கள் அவை. சுமார் 150 கிராமங்களில் ஊருக்கு ஒரு மன்றம். வாரத்துக்கு இரண்டு நிகழ்ச்சி, பத்து வாரம். நிகழ்ச்சி முடிந்ததும் ரேடியோவை நிறுத்திவிட்டு, கேட்டதைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டும். சந்தேகம் இருந்தால் நிலையத்துக்கு எழுதிக் கேட்கலாம். இதை ஆராய்ந்தவர் பால் நியூராத் என்ற சமூகவியலாளர். மன்றம் இருந்த ஊர்களை, ரேடியோ மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களோடும், ரேடியோவே இல்லாத ஊர்களோடும் வைத்து ஒப்பிட்டார். மன்ற ஊர்களில் ஜனங்களின் அறிவு பெரிதாகக் கூடியிருந்தது. ரேடியோ மட்டும் இருந்த ஊர்களில் சொல்லும்படி ஒன்றும் கூடவில்லை. ஒரே நிகழ்ச்சி, ஒரே குரல், ஒரே பத்து வாரம். வித்தியாசம் முழுவதும், அணைத்த பிறகு நடந்த பேச்சில் இருந்தது.

அமெரிக்காவில் ஓஹயோ மாநிலத்தின் ஈரி என்ற கவுன்டியில் 1940 ஜனாதிபதித் தேர்தலின்போது பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் கண்டதும் ஏறக்குறைய இதுதான். ரேடியோவும் பத்திரிகையும் வாக்காளரைப் பொம்மலாட்டம் ஆட்டுகின்றன என்று எல்லாரும் நம்பிய காலம். அந்தக் குழுவினர் மே மாதத்திலிருந்து நவம்பர் வரை அதே ஆட்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துப் பேசினார்கள். பிரச்சாரம் கேட்டுக் கட்சி மாறியவர்கள் மிகக் குறைவு. கேட்டதை எடைபோட, தெரிந்த மனிதர் ஒருவரிடம் போய் நின்றவர்கள்தான் அதிகம். இந்தக் கருத்தைப் பின்னால் வந்தவர்கள் நிறையத் திருத்தினார்கள், சிலர் அடித்தே நொறுக்கினார்கள். இருக்கட்டும். ஓர் ஆளை ஒருமுறை பார்த்துக் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு ஓடிவராமல், திரும்பவும் அதே வாசலில் போய் நின்றார்களே, அதற்காக அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அதே காலத்தில் நடந்த இன்னொரு கதையைப் பலர் கேட்டிருப்பீர்கள். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் ரேடியோவில் நடத்திய நாடகத்தைக் கேட்டு, செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வந்துவிட்டார்கள் என்று அமெரிக்கா முழுவதும் ஜனங்கள் தெருவில் ஓடினார்கள் என்பது கதை. நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன், புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தபோது, பயந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் ஊரே ஓடியது என்பது மறுநாள் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியது என்று தெரிந்தது. விளம்பரக் காசு ரேடியோ பக்கம் போய்க்கொண்டிருந்த எரிச்சல் பத்திரிகைகளுக்கு. புது ஊடகத்தைப் பற்றிப் பழைய ஊடகம் சொல்லும் சாட்சியம் பங்காளி சாட்சியம். இன்றைக்கு டிவியில் உட்கார்ந்து யூடியூபைத் திட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வரும். அந்தத் திட்டும் நிகழ்ச்சியும் மறுநாள் யூடியூபில்தான் கிடக்கும்.

சினிமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் சினிமாவும் அரசியலும் என்றால் நம்மவர்கள் நடிகரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். 1980-களின் நடுவில் மதுரைக்கு வந்த சாரா டிக்கி என்ற அமெரிக்கப் பெண் வேறு வேலை செய்தார். ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளில் பழகி, அவர்களோடு தியேட்டருக்குப் போய், திரும்பி வந்து அவர்கள் பேசுவதைக் கேட்டார். ரசிகர் மன்றத்துப் பையன்களிடம் பேசினார். அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1993-ல் வந்தது. படம் பார்க்கிறவன் ஏமாளி இல்லை, அவனுக்கு அங்கே வேறு தேவை ஒன்று நிறைவேறுகிறது என்று அதில் தெரியும். நாம் செய்திருக்க வேண்டிய வேலை.

டிவிக்கு வருகிறேன். 1993-ல் தனியார் தமிழ்ச் சேனல் தொடங்கியது. பத்து வருஷத்துக்குள் கேபிள் கம்பி ஓலைக்கூரைக்கும் போனது. 2006 தேர்தல் வாக்குறுதியை ஒட்டி அரசாங்கமே வண்ணப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தது. மெகா சீரியல் குடும்பப் பெண்களைக் கெடுக்கிறது என்று மேடைகளில் பேசாதவர் இல்லை. பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள், சாப்பாடு தாமதமானதுதான் அவர்களுக்கு உண்மையான குறை என்பது என் சந்தேகம்.

அந்தச் சமயத்தில் ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். 2001-லிருந்து 2003 வரை தமிழ்நாடு, பீகார், ஹரியானா, கோவா, டெல்லி ஆகிய இடங்களில் கிராமப்புற வீடுகளைத் தொடர்ந்து பார்த்த ஒரு கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டார்கள். இடையில் சில ஊர்களுக்குப் புதிதாகக் கேபிள் வந்தது, சில ஊர்களுக்கு வரவில்லை. வந்த ஊர்களில், புருஷன் பெண்டாட்டியை அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள். ஆண் குழந்தைதான் வேண்டும் என்பது குறைந்திருந்தது. வீட்டு முடிவுகளில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். அழுகைச் சீரியல் என்று நாம் கிண்டல் செய்த பெட்டி இதைச் செய்திருக்கிறது! 2009-ல் இந்தக் கட்டுரை வந்தபோது, மேடைகளில் திட்டிய சில நண்பர்களிடம் எடுத்துக் காட்டினேன். நம்ப மறுத்தார்கள்.

அவர்கள் நம்பாததிலும் ஒரு நியாயம் இருந்தது. பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே புள்ளிவிவரங்களை எடுத்து மறுபடியும் கணக்குப் போட்டுப் பார்த்துக் கேள்விகள் எழுப்பினார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. அடிப்பது தப்பு என்று ஒரு பெண் சொல்லத் தொடங்கியிருக்கிறாள் என்றால், அவள் வீட்டில் அடி குறைந்துவிட்டதா, அல்லது வந்து கேட்கிறவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று டிவி பார்த்துத் தெரிந்துகொண்டாளா? கட்டுரையை எழுதியவர்களே இந்தச் சந்தேகத்தை மறைக்கவில்லை. எனக்கு ஒன்று தோன்றும். சொல்லத் தெரிவதே ஒரு மாற்றம்தான். இது சரியில்லை என்று வாயால் சொல்ல முடியாத காலத்தில் வாழ்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் சொல்வதையும் செய்வதையும் ஒன்றாகப் போட்டு எழுதக் கூடாது. மாணவர்களிடம் நான் அதிகம் சண்டை போட்டது இந்த ஓர் இடத்தில்தான். "ஐயா, அவங்களே சொன்னாங்க" என்பார்கள். சொன்னது என்று எழுது, நடந்தது என்று எழுதாதே என்பேன்.

இப்போது கைப்பேசி. இதைப் பற்றி நம் மண்ணிலேயே நடந்த நல்ல ஆய்வு ஒன்று உண்டு, நம்மில் பலருக்கு அதன் பெயரே தெரியாது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் மானிடவியல் பேராசிரியர் டேனியல் மில்லர் ஒரு பெரிய திட்டம் போட்டார். ஒன்பது ஆய்வாளர்கள், உலகத்தில் ஒன்பது இடங்கள். பிரேசில், சிலி, டிரினிடாட், இங்கிலாந்து, இத்தாலி, துருக்கி, சீனாவில் இரண்டு இடம், இந்தியாவில் ஒன்று. ஒவ்வொருவரும் அந்தந்த ஊரிலேயே 15 மாதம் தங்கி, ஜனங்கள் ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் வைத்து என்ன செய்கிறார்கள் என்று கூட இருந்து பார்க்க வேண்டும். இந்தியாவுக்குத் தேர்ந்த இடம் சென்னையின் ஓரம். விவசாயக் கிராமங்களுக்கு நடுவில் ஐ.டி. கட்டடங்கள் எழும்பிய பகுதி. ஊர்க்காரர்களின் அடையாளம் தெரியாமல் இருக்க 'பஞ்சகிராமி' என்று புனைபெயர் வைத்தார்கள். அங்கே இருந்து பார்த்தவர் ஸ்ரீராம் வெங்கட்ராமன். அவர் புத்தகம் 2017-ல் வெளிவந்தது. இணையத்தில் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம்.

புது ஊடகம் வந்தால் பழைய கட்டெல்லாம் அறுந்துவிடும் என்று எதிர்பார்த்துப் போகிறவருக்கு அந்தப் புத்தகம் ஏமாற்றம்தான். சாதி, உறவுமுறை, வயது, வர்க்கம், ஆணா பெண்ணா என்பது எல்லாம் போனுக்குள்ளும் போய்க் குடியேறியிருந்தன. முகம் தெரியாத நண்பர்களும் சீக்கிரத்தில் அண்ணா, அக்கா ஆகிவிடுகிறார்கள். காலையில் சாமி படத்தோடும் பூப் படத்தோடும் வணக்கம் அனுப்புகிறார்கள். நாம் சிரிக்கிறோமே அந்தக் காலை வணக்கம், அதற்குள் யார் யாருக்குத் தினமும் அனுப்ப வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. வசதியில்லாத குடும்பங்களில் கல்யாணமாகாத பெண்ணின் கையில் போன் கொடுக்கவே பயப்படுகிறார்கள். கொடுத்தாலும் அண்ணன் தம்பி வாங்கிப் பார்க்கலாம். சாதி மாறிக் காதல் வந்துவிடுமோ என்ற பயம். ஐ.டி. கம்பெனியிலோ வேலை நேரத்துக்கும் வீட்டு நேரத்துக்கும் நடுவில் கம்பெனி போட்ட கோட்டை, ஒரு சின்னப் போனை வைத்து ஜனங்கள் அழித்துவிட்டார்கள். ஆபீசில் இருந்தபடியே குழந்தை சாப்பிட்டதா என்று கேட்கிறார்கள்.

அந்த அண்ணன் தம்பி விவகாரத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் பஞ்சாயத்து போர்டு ரேடியோ அறையின் சாவி ஞாபகத்துக்கு வந்தது. சாவி யாரிடம் என்பதுதான் அன்றைக்கும் கேள்வி. இப்போது அதற்கு பாஸ்வேர்டு என்று பெயர்.

சரி, எல்லாமே பழையபடிதான் என்று சொல்லிவிட்டுப் போகலாமா? முடியாது. ஒன்று மாறியிருக்கிறது, அது சின்ன விஷயமில்லை. 2018 மே மாதம் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வழியாக ஒரு வதந்தி ஓடியது. குழந்தை கடத்தும் கும்பல் வடக்கிலிருந்து வந்து இறங்கியிருக்கிறது என்று. திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பக்கம், குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் ஒன்று வழி கேட்க நின்றது. அந்தக் குடும்பத்துப் பாட்டி, அங்கே விளையாடிய குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். ஊர்க்காரர்கள் கூடிவிட்டார்கள். அடித்த அடியில் 65 வயது அம்மாள் இறந்துபோனார். குழந்தைக்கு மிட்டாய் கொடுக்காத பாட்டி நம் நாட்டில் உண்டா?

அந்த மாதங்களில் நாடு முழுவதும் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வருகிற இரண்டு பேர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது நம் நாட்டிலேயே எடுத்ததில்லை. கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுத்த படம். முழுப் படத்தில் அவர்கள் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓர் அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை எவரோ வெட்டிவிட்டார்கள்.

மதகடிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வதந்தி எப்போதும் இருந்தது, கேட்டதை நம்புவதும் புதிதில்லை. திண்ணையில் ஒரு பெரியவர் ஏதாவது அளந்தால், அவர் வயதுக்காரர் ஒருவர் பக்கத்தில் இருப்பார். "போய்யா, உனக்கு யார் சொன்னது?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். பெரியவரும் சிரித்துக்கொள்வார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்த ஆள் இல்லை. பெரியப்பா ஒரு செய்தி போடுகிறார். அது தவறு என்று இன்ஜினியரிங் படிக்கும் பெண்ணுக்குத் தெரியும். எல்லார் முன்னாலும் "இது பொய் பெரியப்பா" என்று எப்படிச் சொல்வாள்? கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். பெரியப்பா அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் மூன்று குழுக்களுக்கு அனுப்புகிறார். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்ற வளர்ப்பும், விரல் தொட்டால் அனுப்பிவிடும் வசதியும் நம் குடும்பங்களில் கைகோத்துக்கொண்டன. ஓஹயோவில் தெரிந்த மனிதரிடம் போய் நின்று சந்தேகம் கேட்டார்கள். இங்கே தெரிந்த மனிதரிடமிருந்தே வருவதால் சந்தேகம் எழாமலே போகிறது.

ட்விட்டரைப் பற்றி 2018-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் செய்த கணக்கும் இந்தத் திசையையே காட்டியது. 2006 முதல் 2017 வரை சுமார் 30 லட்சம் பேர் பரப்பிய 1,26,000 செய்திகளைப் பார்த்தார்கள். பொய்ச் செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு மெய்ச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம். இயந்திரக் கணக்குகள்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அனுப்பியது மனிதர்கள்.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாமல் செய்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறி வந்த செய்தியென்றால் ஒரு முறைக்கு ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் என்றது. அப்படிச் சுற்றும் செய்திகள் 70 சதவீதம் குறைந்தன என்று நிறுவனமே சொன்னது. கூட ஒரு முறை விரலால் தொட வேண்டியிருந்தால் பாதிப் பேருக்கு ஆர்வம் போய்விடுகிறது என்பதுதான் இதற்குப் பொருள். வேகத்தைக் கொஞ்சம் தடுத்தாலே மனிதனுக்குப் புத்தி வேலை செய்ய இடம் கிடைக்கிறது.

இதில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு தொழில் கஷ்டமும் இருக்கிறது. 'நிறுவனமே சொன்னது' என்று எழுதினேனே, அதைச் சரிபார்க்க வெளியாருக்கு வழி கிடையாது. வாட்ஸ்அப் செய்தியை அனுப்பியவரும் பெற்றவரும் தவிர யாரும் படிக்க முடியாது. அது நல்லதுதான், எனக்கும் அந்தரங்கம் வேண்டும். ட்விட்டர் தன் தரவுகளை ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தருவதை 2023-ல் நிறுத்திவிட்டது. ஃபேஸ்புக்கில் எது பரவுகிறது என்று பார்க்க உதவிய கிரவுட்டேங்கிள் என்ற கருவியை 2024 ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்து, தந்தி பேப்பரை ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பதைப் பார்க்க எனக்கு எவருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு டீக்கடையே ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனி நம்மை ஆராயத் தயங்குவதில்லை. 2012 ஜனவரியில் ஒரு வாரம், ஏறக்குறைய 6,89,000 பேரின் ஃபேஸ்புக் பக்கத்தில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்துக் காட்டி, அவர்கள் எழுதுவதும் அதற்கேற்ப மாறுகிறதா என்று பார்த்தார்கள். அவர்களுக்குச் சொல்லவில்லை. விளைவு இருந்தது, மிக மிகச் சிறியது. எனக்கு விளைவைவிட, சொல்லாமல் செய்தது உறுத்தியது. ஒரு கிழவியின் படத்தை எடுப்பதற்கு முன்னால் "எடுக்கட்டுமா அம்மா?" என்று கேட்க வேண்டும் என்பது நான் மாணவர்களுக்குக் கற்பித்த முதல் பாடம்.

பிள்ளைகள் கேட்பார்கள், "அப்போ இது நல்லதா கெட்டதா, ஐயா?" என்று. 2018-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. காசு கொடுத்துச் சிலரை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை மூடிவைக்கச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது. குடும்பத்தோடும் நண்பர்களோடும் கூடுதலாக இருந்தார்கள், மனசு கொஞ்சம் நன்றாக இருந்தது, அரசியல் கருத்துப் பிளவு குறைந்தது. நாட்டு நடப்பும் குறைவாகத் தெரிந்திருந்தது. இதை நல்லது என்பீர்களா, கெட்டது என்பீர்களா? இந்தக் கேள்வியோடு தொடங்கிய ஆய்வு உருப்பட்டதை நான் பார்த்ததில்லை. யாருக்கு, எந்த வீட்டில், யார் சாவியை வைத்திருக்கும்போது, அதன் பிறகு யார் யாரோடு என்ன பேசினார்கள் என்று இறங்கிக் கேட்டவர்கள்தான் ஏதாவது கண்டுபிடித்தார்கள்.

ஆகவே ஊடகம் படிக்கும் பிள்ளைகளே, பெரிய தலைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் வீட்டில் ஆரம்பியுங்கள். ஒரு நோட்டுப் போட்டு, குடும்பக் குழுவில் யார் பேசுகிறார்கள், யார் எப்போதும் பேசுவதே இல்லை, அம்மாவின் போனை வேறு யாரெல்லாம் எடுக்கிறார்கள், வந்த செய்தியைப் பற்றிச் சாப்பிடும்போது ஏதாவது பேச்சு வந்ததா என்று எழுதுங்கள். வீட்டாரிடம் சொல்லிவிட்டு எழுதுங்கள். கேள்வித்தாள் பிறகு தானாக வரும்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பேரப்பிள்ளை திருத்தினால் முகத்தைச் சுளிக்காதீர்கள். நம்மைத் திருத்திக்கொண்டிருந்த சம வயதுக்காரர்கள் பலர் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு இனி அவர்கள்தான் வர வேண்டும்.

பிள்ளைகளே, பெரியப்பா அடுத்த முறை ஏதாவது அனுப்பினால் கைகூப்பும் பொம்மையைப் போடாதீர்கள். குழுவில் பதிலும் எழுத வேண்டாம். அவருக்குப் போன் போட்டுப் பேசுங்கள்.